விண்ணகத் தூதுக்குக் காத்திருந்த அறிஞர்

அண்டங்கள் பல என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. ஈரேழு உலகங்களைப் புராணங்கள் எண்ணிக் கூறின. எண்ணில் அடங்கா அண்டங்களும் இறைவன் திருமுன்னே வெயிற்கதிரில் மிதக்கும் துகள் போலச் சிறியனவாகும் என்று திருவாசகத்தின் திருவண்டப்பகுதி உணர்த்திற்று. ஆயின், அவ்வண்டங்களில் அறிவுடைய உயிர்கள் உளவோ, உளவாயின் அவை நம்மோடு எவ்வாறு பேசும் என்னும் வினாவைக் கணக்கும் கருவியும் துணையாகக் கொண்டு ஆராயப் புகுந்தது இருபதாம் நூற்றாண்டேயாகும். அந்த வினாவைக் கற்றோர் அவையிலிருந்து எடுத்துச் சென்று உலக மக்கள் யாவரும் கேட்கும் வினாவாக ஆக்கிய எழுத்தாளர் ஒருவர், தம் வாழ்நாளிற் பாதிக்கு மேல் நம் ஈழநாட்டிலேயே வாழ்ந்தார். அவரே ஆதர் சி. கிளார்க்.

விண்வெளிக் கதைகளை எழுதிய ஆங்கிலேயர் என்ற அளவில் அவரை அறிந்த மாணாக்கர் பலர். திருக்கோணமலைக் கடலடியிற் சுழியோடிச் சென்று, கோணேசர் ஆலயத்தின் இடிபாடுகளைக் கண்டு உலகுக்கு எழுதிக் காட்டியவரும் அவரே என்பதை அறிந்தவர் சிலரே. கோணமலைக் கடலில் அவர் கண்டதும், விண்ணை நோக்கி அவர் கேட்டதும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

கிளார்க் 1917 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16 ஆந் திகதி, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சோமசெற் பகுதியில், மைன்ஹெட் என்னும் கடற்கரைப் பட்டினத்திற் பிறந்தார். பெற்றோர் இருவரும் தபாற் பகுதியிற் பணிபுரிந்தவர்கள்; தாயார் தந்தி அனுப்பும் ஊழியர். முதல் உலகப் போரினின்றும் மீண்ட தந்தையார் உழவை மேற்கொண்டார். 1931 இல் அவர் காலமானபோது, நான்கு மக்களுள் மூத்தவரான ஆதருக்கு வயது பதின்மூன்று. எஞ்சிய குடும்பப் பாரம் முழுவதையும் தாயாரே சுமந்தார்.

சிறுவனுக்குச் செல்வம் இல்லை; ஆயினும் வியப்புக்குக் குறைவில்லை. கடற்கரையிற் கிடந்த புதைபடிவங்களைத் திரட்டினான். தானே தொலைநோக்கி செய்து சந்திரனைப் பார்த்துப் படம் வரைந்தான். அமெரிக்காவிலிருந்து வந்த விஞ்ஞானக் கற்பனைச் சஞ்சிகைகளைத் தேடிப் படித்தான். ஓலாவ் ஸ்ரேப்பிள்டன் என்பார் எழுதிய நூலொன்று, ஊர்ப் பொதுநூலகத்தில் அவன் கைக்கு வந்தது. மனித குலத்தின் எதிர்காலத்தைப் பல கோடி ஆண்டுகளுக்கு விரித்துரைத்த அந்நூல் அவன் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. ஒரு சிற்றூர் நூலகத்தின் ஒரு நூல் ஒரு வாழ்வின் திசையை வகுத்துவிட்டது எனல் மிகையாகாது. நம் பாடசாலை நூலகங்களைப் பூட்டிவைத்திருப்போர் இதனைச் சிந்தித்தல் நலம்.

பல்கலைக்கழகக் கல்விக்குப் பொருள் இல்லாமையால், கிளார்க் 1936 இல் இலண்டன் சென்று, அரசாங்கக் கல்விச் சபையில் ஓய்வூதியக் கணக்குகளைப் பரிசோதிக்கும் எழுத்தரானார். பகற்பொழுது கணக்கேடுகளிற் கழிந்தது. மாலைப்பொழுது பிரித்தானியக் கோளிடைப் பயணச் சங்கத்திற் கழிந்தது. சந்திரனுக்குச் செல்லும் ஊர்தி பற்றிப் பேசுவோரைப் பித்தர் என்று உலகம் நகைத்த காலம் அது. அச்சங்கத்தார் நகைப்பைப் பொருட்படுத்தாது கணக்கிட்டனர். பின்னாளிற் கிளார்க் இருமுறை அதன் தலைவராகவும் விளங்கினார்.

காணாதாரோடு பேசும் கலை

இரண்டாம் உலகப் போரிற் கிளார்க் வேத்தியல் விமானப் படையிற் சேர்ந்து றேடார்க் கருவியிற் பணியாற்றினார். மூடுபனியில் வழி தெரியாது தவிக்கும் விமானத்தை, நிலத்திலிருந்தவாறே அலைகளாற் கண்டறிந்து, விமானியோடு பேசிப் பேசித் தரையிறக்கும் முறை ஒன்று அப்பொழுது புதிதாக வந்திருந்தது. அதனைச் செம்மைப்படுத்தும் குழுவில் அவர் இருந்தார். கண்ணுக்குப் புலப்படாத ஒருவரை நோக்கி அலை ஒன்றை அனுப்புதல், மீண்டு வரும் எதிரொலியைக் கூர்ந்து கேட்டல், கேட்டதைப் பொருள்படுத்தல் ஆகிய இம்மூன்றும் அவர்க்கு அன்றாடத் தொழிலாயின. பின்னாளில் விண்ணகத்தாரோடு பேசுதல் பற்றி அவர் எழுதியவற்றுக்கெல்லாம் வித்து இங்கேயே விழுந்தது போலும்.

1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வானொலித் தொழில் பற்றிய ஆங்கில மாசிகை ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. நிலநடுக் கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுவினால், பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் அதுவும் பூமியை ஒருமுறை சுற்றும். ஆதலால் நிலத்தில் நிற்பார்க்கு அது வானில் அசையாது நிற்பதாகவே தோன்றும். அத்தகைய நிலையங்கள் மூன்று அமைந்தால், உலகின் எம்மூலையிலிருந்தும் எம்மூலைக்கும் செய்தி அனுப்பலாம் என்பது அதன் சாரம். அன்று முதற் செய்மதியே ஏவப்படவில்லை. அது 1957 இல் ஏவப்பட்டது. 1964 இல், அமெரிக்கச் செய்மதி ஒன்று கிளார்க் கூறிய நிலையிலேயே நின்று ரோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைக் கடல் கடந்து அனுப்பிற்று. அவ்வளைய வழியைக் கிளார்க் வழி என்று இன்றும் வழங்குவர். தம் கருத்துக்கு அவர் காப்புரிமை பெற்றாரல்லர். அதனாற் பெரும்பொருள் ஏதும் அவர்க்கு வந்திலது.

போர் முடிந்தபின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, கணிதமும் பௌதிகமும் பயின்று முதல் வகுப்பிற் தேறினார். அக்காலத்தில், 1948 இல், அவர் எழுதிய சிறுகதை ஒன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. அதன் பெயர் காவற்காரன் எனப் பொருள்படும். சந்திரனில் இறங்கிய மனிதர், ஒரு மலையின் உச்சியிற் பளிங்குக் கூம்பு ஒன்றைக் காண்கின்றனர். அது மனிதர் செய்ததன்று. மனிதர் தோன்றுமுன்பே எவரோ வைத்துச் சென்றது. அதன் வேலை ஒன்றுதான்: பூமியில் என்றாவது அறிவு முதிர்ந்து, அவ்வறிவுடையோர் தம் கோளை விட்டு வந்து தன்னைத் தொடும் நாளைத் தன்னை வைத்தவர்க்கு அறிவித்தல். பேச விரும்புவோர் கூவி அழைக்கத் தேவையில்லை. கேட்கத் தகுதி பெற்றவர் வந்து தட்டும் வரை ஒரு மணியைக் கட்டி வைத்தாற் போதும் என்பது அக்கதையின் நுண்பொருள்.

ஈழத்தின் அழைப்பு

1954 ஆம் ஆண்டின் இறுதியில், அவுஸ்திரேலியாவின் பவளப்பார்களை ஆராயக் கப்பலிற் சென்ற கிளார்க், வழியிற் கொழும்பில் இறங்கினார். தெகிவளை மிருகக்காட்சிச் சாலையிற் பணியாற்றியவரும் சிறந்த சுழியோடியுமான றொட்னி யொங்கிளாஸ் என்பாரை அப்பொழுது சந்தித்தார். சில மணிநேரத் தங்கலே பெரும் மாற்றத்துக்குக் காரணமாயிற்று. 1956 இல் இலங்கைக்கு வந்தவர், இதனையே தம் ஊராகக் கொண்டார்.

விண்ணை எழுதியவர் கடலை நாடியது ஏன் என்று சிலர் வியப்பர். விண்வெளியிற் பொருள்கட்குப் பாரமில்லை. நீரடியிற் சுழியோடுபவனும் அந்நிலைக்கு அண்மையான ஒன்றை உணர்கிறான். தம் வாழ்நாளில் விண்வெளிக்குச் செல்லல் இயலாதெனக் கண்ட கிளார்க், அதற்கு நிகரான அனுபவத்தைக் கடலிலே தேடினார். அன்றியும், கடலடி தனக்கென வேறு சட்டமும் வேறு குடிகளும் உடைய வேற்றுலகமே. அங்கே மனிதன் அழையா விருந்தாளி.

கோணமலையின் அடியில்

1956 ஆம் ஆண்டிலேயே, தம் தோழரான மைக் வில்சன் என்னும் புகைப்படக் கலைஞரோடு கிளார்க் திருக்கோணமலைக்கு வந்தார். உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான அத்துறையில், அப்பொழுது பிரித்தானியக் கடற்படையே தங்கியிருந்தது. மறு ஆண்டு, 1957 இலேயே, அது வெளியேறிற்று. கோட்டைக்குள்ளே கடலை நோக்கிச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது சுவாமி மலை. இராவணன் வெட்டு என்று மக்கள் வழங்கும் பிளவு அதன் பக்கத்தே உள்ளது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற பழம்பதி அது.

அம்மலையின் ஆலயங்களுக்கு நேர்ந்த கதியை ஈழத்தவர் மறந்திலர். 1622 முதல் 1624 வரையான காலத்தில், கொன்சன்ரைன் டீ சா என்னும் போர்த்துக்கேயத் தளபதியின் ஆணையால் அவை இடிக்கப்பட்டன. சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கோணேசப் பெருமான் வீதியுலாச் சென்றிருந்த வேளையில், படையினர் அந்தணர் வேடம் பூண்டு உட்புகுந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. இடித்த கற்களிற் சில கோட்டைச் சுவராயின. சில கடலில் வீழ்ந்தன. கோயில் கடலிற் கிடக்கிறது என்று கோணமலையார் முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லி வந்தனர். மண்ணும் அதற்குச் சான்று கூறிற்று: 1950 இல் நகரில் நிலம் அகழ்ந்தபோது, அந்நாளில் ஒளித்து வைக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன.

கடல் வைத்திருந்த சான்றைக் காணும் வாய்ப்புக் கிளார்க்குக்கும் வில்சனுக்கும் கிட்டிற்று. மலையடியில் மூழ்கிய அவர்கள், பாறைகளிடையே உளி பட்ட கற்களையும் செதுக்கிய தூண்களையும் கண்டனர். இயற்கையின் கை இவ்வாறு செதுக்காது. இது மனிதன் கைவேலை என்று கண்டவுடனே தெளிந்தனர். 1957 இல் வெளிவந்த, தப்பிரபேன் தீவின் பவளப்பார்கள் எனப் பொருள்படும் நூலிற் கிளார்க் இதனை விரித்தெழுதினார். கோணேசர் ஆலயத்தின் கதையை அந்நூல் உலகின் பல நாட்டாருக்கு எடுத்துச் சென்றது. கோயில் திருப்பணி நிறைவெய்தி 1963 இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. தோழர் வில்சனோ பின்னாளிற் சைவநெறிக்கண் ஈடுபட்டுச் சுவாமி சிவகல்கி என்னும் பெயரோடு துறவு பூண்டார்.

ஈண்டுச் சற்றே நின்று சிந்திப்போம். வேற்று நாகரிகம் ஒன்று நம்மைத் தேடி வந்தால் யாது நிகழும் என்று வினவுவார்க்கு, விடை தேடி விண்ணுக்குப் போக வேண்டுவதில்லை. கோணமலைக் கடலடியே ஒரு விடை. கடல் கடந்து, மேம்பட்ட கலமும் பீரங்கியும் கொண்டு ஒரு கூட்டத்தார் வந்தனர். வந்தவரும் மனிதர், இருந்தவரும் மனிதர். மொழிபெயர்ப்பார் இருந்தனர், எழுத்து இருந்தது, இரு சாராரும் கடவுளை வணங்கினர். பேசிக்கொள்ளத் தடையாவது ஏதும் இல்லை. இருந்தும், பேச்சுக்கு முன்னே வெடிமருந்து பேசிற்று. கருவியில் முன்னேறியவர் பண்பிலும் முன்னேறியிருப்பர் என்று கொள்ளல் எத்துணைப் பிழை என்பதை, நீரடியிற் கிடக்கும் அத்தூண்கள் காட்டுகின்றன.

இன்னொன்றும் உண்டு. பிரெடறிக் கோட்டையின் வாயிற் கற்றூணில், இரட்டைக் கயற் சின்னத்தோடு தமிழ்க் கல்வெட்டின் துண்டம் ஒன்று பதிந்திருக்கிறது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்னும் வருங்காலச் செய்தி அதிற் பொறிக்கப்பட்டிருந்ததாக மரபு கூறும். இன்று அதில் எஞ்சிய எழுத்துக்கள் சிலவே. நம் மொழியில், நம் எழுத்தில், நம் முன்னோர் எழுதி வைத்த ஒரு தூதையே முழுதும் படிக்க இயலாது நிற்கிறோம். சிந்துவெளி முத்திரைகளோ, அறிஞர் நூறாண்டாக முயன்றும் வாய் திறவாது இருக்கின்றன. அங்ஙனமாயின், வேறு சூரியனின் கீழ்ப் பிறந்த உயிர் அனுப்பும் தூதைப் படித்தல் எத்துணை அரிது!

திமிங்கிலம் கேட்ட வழக்கு

அதே 1957 இல் வெளிவந்த மற்றொரு நூல், ஆழ்கடற் புலம் எனப் பொருள்படும் நாவல். வருங்காலத்தில் மனிதர் திமிங்கிலங்களை ஆனிரை போலக் கடலிலே மேய்த்து உணவாக்குகின்றனர். அதனை எதிர்த்து, இலங்கையிலுள்ள பௌத்த மகாநாயக தேரர் ஒருவர் எழுகிறார். கொல்லாமை அறத்தோடு அவர் வேறொரு நியாயத்தையும் முன்வைக்கிறார். மனிதன் என்றோ ஒருநாள் தன்னினும் மேம்பட்ட விண்ணக உயிர்களைச் சந்திக்கக்கூடும். அந்நாளில், தன்னிற் தாழ்ந்த உயிர்களை அவன் எவ்வாறு நடத்தினான் என்பதை அளவுகோலாகக் கொண்டே அவர்கள் அவனை எடைபோடுவர் என்பது அந்நியாயம்.

திருக்கோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடல், பெருந் திமிங்கிலங்கள் உலவும் இடமாக இன்று உலகெங்கும் அறியப்பட்டது. நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் அங்கே காணப்படும். அவை தம்முள் ஒலியெழுப்பிப் பேசிக்கொள்கின்றன. அப்பேச்சின் பொருளை நாம் இன்னும் அறிந்திலேம். பக்கத்துக் கடலில் வாழும் அறிவுடைய உயிரின் பேச்சே நமக்கு எட்டாதபோது விண்ணகப் பேச்சை விரும்பிக் காத்திருப்பது, வாயிற்படியில் நிற்பவனை விட்டுத் தொலைவிலுள்ளவனை அழைப்பது போன்றதன்றோ? கிளார்க் இரண்டையும் ஒருங்கே எண்ணியவர் என்பதே அவர் சிறப்பு.

நோயும் புகழும்

1962 இல் திருக்கோணமலைக் கடலிற் படமாக்கிய காட்சிகளோடு, முதலாவது வர்ணச் சிங்களத் திரைப்படமான ரன்முத்து தூவ வெளிவந்தது. இயக்கியவர் வில்சன், பொருளுதவியவர் கிளார்க். அதே ஆண்டிற் கிளார்க்கைக் கடும் நோய் பற்றிற்று. உடல் அசைவற்றுப் படுக்கையிற் கிடந்தார். இளம்பிள்ளைவாதம் என்று மருத்துவர் கூறினர். மெல்ல மெல்லத் தேறினார். ஆயின் அந்நோயின் பின்விளைவு முதுமையில் மீண்டும் தலைகாட்டி, அவரைச் சக்கர நாற்காலியில் இருத்திற்று. நிலத்தில் நடக்க இயலாதவர் நீரில் மட்டும் தடையின்றி இயங்கினார்.

1964 இல் நியூயோர்க் நகரில், ஸ்ரான்லி குப்றிக் என்னும் திரைப்பட இயக்குநரைச் சந்தித்தார். காவற்காரன் கதையின் கரு இருவரது உழைப்பால் வளர்ந்து, 2001 என்னும் ஆண்டைப் பெயரிற் கொண்ட திரைப்படமாக 1968 இல் வெளிவந்தது. மனிதன் சந்திரனில் இறங்குவதற்கு ஓராண்டு முந்திய நிகழ்ச்சி இது. பளிங்குக் கூம்பு அப்படத்திற் கரிய கற்பலகையாயிற்று. வேற்றுலகத்தார் படத்தில் ஓரிடத்தும் தோன்றவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற கல்லே தோன்றுகிறது. கடலடித் தூணைக் கண்டு அதனைச் செய்தாரை உய்த்துணர்ந்த ஒருவர்க்கு, கல்லைக் காட்டிக் கருத்தாவைக் காட்டாது விடும் இம்முறை இயல்பாகவே வாய்த்தது.

1973 இல் அவர் எழுதிய நாவல், இராமாவுடன் சந்திப்பு எனப் பொருள்படும். ஐம்பது கிலோமீற்றர் நீளமுள்ள உருளை வடிவான கலம் ஒன்று சூரிய மண்டலத்துக்குள் வருகிறது. நம் இதிகாச நாயகன் பெயர் அதற்கு இடப்படுகிறது. மனிதர் உட்சென்று பார்க்கின்றனர், வியக்கின்றனர். கலமோ சூரியனை அணுகித் தன் தேவையை முடித்துக்கொண்டு தன் வழியே போய்விடுகிறது. பகையும் இல்லை, நட்பும் இல்லை, மனிதன் இருப்பதையே அது பொருட்படுத்தவில்லை. உலகமே தனக்காகப் படைக்கப்பட்டதென்று எண்ணுவார்க்கு இதனினும் நல்ல மருந்து வேறில்லை. 1979 இல் வந்த, சுவர்க்கத்தின் நீரூற்றுகள் எனப் பொருள்படும் நாவலிலோ, சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் உடைய ஒரு தீவே களம். அதில் வரும் வேற்றுலகத் தூதுக் கருவி மனிதரோடு உரையாடுகிறது, வினவுகிறது, விடை தருகிறது, பின் சென்றுவிடுகிறது. கண்டும் காணாது போதல், பேசிப் போதல், வந்து ஆளுதல் என, சந்திப்பின் வகைகளை ஒவ்வொன்றாக அவர் ஆராய்ந்தார். மூன்றாவதற்கு, 1953 இல் வெளிவந்த குழந்தைப் பருவத்தின் முடிவு என்னும் பொருளுடைய நாவல் சான்று.

செவி சாய்த்த விஞ்ஞானம்

கதை இங்ஙனமாக, விஞ்ஞானிகளும் வாளா இருந்திலர். 1959 இல் கொக்கோனி, மொறிசன் என்னும் இருவர், விண்மீன்களுக்கிடையே பேசுவதற்கு வானொலி அலையே ஏற்றதெனக் காட்டினர். எங்கும் நிறைந்த ஐதரசன் வாயு இயல்பாகவே எழுப்பும் 21 சென்ரிமீற்றர் அலையை, அறிவுடையோர் யாவரும் அறிந்திருப்பர். ஆதலின் அவ்வலையிற் செவி சாய்க்கலாம் என்பது அவர் கருத்து. 1960 இல் பிராங் டிறேக் என்பார், அமெரிக்காவிற் கிறீன் பாங் என்னும் இடத்திலிருந்து, அண்மையிலுள்ள இரு விண்மீன்களை நோக்கி முதன்முதலாக அவ்வாறு செவி சாய்த்தார். எதுவும் கேட்டிலது.

1974 நவம்பர் 16 ஆந் திகதி, போட்டோ றிக்கோவிலுள்ள அரெசிபோ தொலைநோக்கி வழியாக மனிதரே ஒரு செய்தியை அனுப்பினர். அது 1,679 குறிகளைக் கொண்டது. அவ்வெண்ணை 23 ஆலும் 73 ஆலும் அன்றி வேறெவ்வாறும் பகுக்க இயலாது. பெறுவோர் அவ்வரிசையில் அடுக்கினாற் படம் தோன்றும். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய நம் மரபில், எழுத்து எட்டாத இடத்துக்கும் எண் எட்டும் என்பது வியப்பன்று. செய்தி சேரவேண்டிய விண்மீன் கூட்டம் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. விடை வருமாயின் வர ஐம்பதினாயிரம் ஆண்டாகும். அத்தொலைநோக்கி 2020 இல் இடிந்து வீழ்ந்தது. செய்தியோ இன்னும் சென்றுகொண்டே இருக்கிறது.

1977 இல் ஏவிய வொயேஜர்க் கலங்கள் இரண்டிலும், பொன் பூசிய செப்பு இசைத்தட்டொன்று வைக்கப்பட்டது. அதில் 55 மொழிகளில் வாழ்த்துரை உண்டு. சிங்களம் உண்டு, தெலுங்கும் கன்னடமும் உண்டு, வழக்கொழிந்த சுமேரிய மொழியும் உண்டு. தமிழ் இல்லை. தமிழாசிரியர் எவர்க்கும் இது வருத்தம் தருவதே. ஆயினும், அத்தட்டை என்றோ கண்டெடுக்கும் உயிர்க்கு 55 மொழிகளும் ஒன்றுபோலவே விளங்காதனவாகும். சொற்களை விட, பேச விரும்பினோம் என்னும் குறிப்பே விளங்கக்கூடும்.

கிளார்க் இம்முயற்சிகளை ஆர்வத்தோடு ஆதரித்தார். அதே வேளையில், பறக்கும் தட்டுக்கள் பற்றிய பரபரப்புச் செய்திகளை ஏற்றாரல்லர். வானிற் கண்ட புதிய ஒளியெல்லாம் விண்ணகத்தார் ஊர்தி என்பது, அறியாமையை அறிவாக மதிப்பதாகும் என்பது அவர் நிலை. ஆசை மிகுதியாக இருக்குமிடத்தே சான்றை மிகுதியாகக் கேட்க வேண்டும் என்னும் இவ்வொழுக்கம் மாணாக்கர் பின்பற்றத் தக்கது.

செய்தி அனுப்பும் கலையின் பயனை அவர் தம் வீட்டிலேயே கண்டார். 1975 இல் இந்திய அரசு, செய்மதி வழியாக 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிற்று. அதனைப் பார்க்கும் பொருட்டு, இந்திய விண்வெளிப் பொறியியலாளர் கொழும்பில் அவர் இல்லத்தில் வாங்கி ஒன்றை நிறுவினர். இலங்கையிற் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னரே.

மூன்று விருப்பங்கள்

1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். 1984 இல் அவர் பெயரால் நவீன தொழினுட்ப நிலையம் ஒன்று அமைந்தது. பிரித்தானிய முடி அவர்க்குச் சேர் பட்டம் அளித்தது. இலங்கை 2005 இல் இலங்காபிமான்ய விருதை அளித்தது. முந்திய ஆண்டின் ஆழிப்பேரலை, ஹிக்கடுவையில் அவர் நிறுவிய சுழியோடற் பயிற்சி நிலையத்தை வாரிச் சென்றிருந்தது.

ஆயினும் அவர் முதுமையை வாட்டிய துயர் வேறு. 1983 முதல் இத்தீவில் மூண்டெரிந்த போரை அவர் கண்டார். அவர் மூழ்கிய கோணமலைக் கடல் போர்க்களமாயிற்று. உலகின் எம்மூலைக்கும் ஒரு நொடியிற் செய்தி அனுப்ப வழி கண்டவர் வாழ்ந்த சிறு தீவில், அயலவர் இருவர் ஒருவர் சொல்லை ஒருவர் கேளாதிருந்தனர். விண்ணில் நிற்கும் செய்மதி ஓசையைக் கொண்டு சேர்க்கும். கேட்கும் மனத்தை அது கொண்டு சேர்க்க மாட்டாது.

2007 டிசெம்பரில், தொண்ணூறாவது பிறந்த நாளில், உலக நண்பர்கட்கு அவர் ஒரு செய்தியைப் பதிவு செய்து அனுப்பினார். அதில் மூன்று விருப்பங்களைத் தெரிவித்தார். பூமிக்கு அப்பால் உயிர் உண்டென்பதற்குச் சான்று கிடைத்தல் வேண்டும் என்பது முதலாவது. எண்ணெய்க்கு அடிமைப்பட்ட உலகம் தூய ஆற்றலுக்கு மாறவேண்டும் என்பது இரண்டாவது. தாம் வாழும் இலங்கையில் நிலையான அமைதி மலர வேண்டும் என்பது மூன்றாவது. விண்ணகத்தார் சொல்லைக் கேட்க விழைந்த அதே வாய், மண்ணில் அயலார் ஒருவரோடொருவர் இணங்கி வாழ்தலையும் வேண்டிற்று.

மூன்று மாதம் கழித்து, 2008 மார்ச் 19 ஆந் திகதி, கொழும்பிற் காலமானார். சமயச் சடங்கு எதுவும் கூடாதென்று அவர் எழுதி வைத்திருந்தபடியே, பொரளை மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். மறு ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றது; வெடியோசை அடங்கியதை அவர் கேட்டிலர். 2017 இல், வேறு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த பொருளொன்று முதன்முதலாக நம் சூரிய மண்டலத்திற் காணப்பட்டது. வானியலாளர் பலர்க்கு அவருடைய இராமாவே நினைவுக்கு வந்தது. வானொலிக் கருவிகளால் அதனைச் செவி சாய்த்துப் பார்த்தனர், ஓசை எழவில்லை. பிற சூரியன்களைச் சுற்றும் கோள்களென உறுதி செய்யப்பட்டவற்றின் தொகை 2025 இல் ஆறாயிரத்தை எட்டிற்று. அவற்றுள் ஒன்றிலிருந்தேனும் ஒரு சொல் இதுவரை வந்திலது.

அங்ஙனமாயின், கிளார்க்கின் காத்திருப்பு வீணோ? அன்று. விருந்தினரை எதிர்நோக்கும் இல்லத்தார், விருந்தினர் வரினும் வாராவிடினும் வீட்டைத் தூய்மை செய்கின்றனர். விண்ணகத் தூதை எதிர்நோக்கும் மனித குலமும் அவ்வாறே தன்னைச் சீர்செய்து கொள்ளல் வேண்டும். அயலார் மொழியைக் கற்றல், அயலார் கோயிலை மதித்தல், வலிமை குன்றிய உயிருக்கு இரங்கல், கேட்டபின் பேசுதல் ஆகியனவே விண்ணகத்தாரோடு உரையாடுதற்குரிய முதற்பாடங்கள். அவற்றைப் பயில வேற்றுக் கோள் ஏதும் வேண்டா. கோணமலைக் கடலடியிற் கிடக்கும் தூண்கள், அப்பாடத்தைப் பயிலாதவர் விட்டுச் சென்ற சான்றாக இன்றும் உள்ளன. அவற்றைக் கண்டவர் ஒருவர் விண்ணை அண்ணாந்து பார்த்து நல்லதையே எதிர்பார்த்தார் என்பது நமக்கு ஆறுதலும் ஆகும்; கடமையும் ஆகும்.